11க்கு 15 ஹாலுக்கு என்ன ஸ்பீக்கர், என்ன ரிசீவர்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பெங்களூர் கே.ஆர். புரத்தில் சொந்த ஃபிளாட், நான்காவது மாடி. ஹால் 11க்கு 15 அடி, தரை முழுக்க டைல்ஸ். 55 இஞ்ச் டிவி. பட்ஜெட் ஒன்றரை லட்சம். கடையில் 7.2 ரிசீவரும் (ஒலியைப் பிரித்து ஏழு ஸ்பீக்கருக்கும், அடித்தொனிக்கான, அதாவது பேஸுக்கான, இரண்டு சப் வூஃபருக்கும் அனுப்பும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) இடுப்பு உயர டவர் ஸ்பீக்கரும் எடுக்கச் சொல்கிறார்கள். ஆபீஸ் நண்பரோ அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரவைக்கும் டால்பி முறை) இல்லாமல் வாங்கினால் பணம் வீண் என்கிறார். கடைசியாக ஒரு வரி: அம்மாவுக்கு டிவியில் பேசுவதே புரிவதில்லை, பின்னணி இசை மட்டும் காதைப் பிளக்கிறது.

தம்பி, அம்மாவைக் கடைசி வரியில் வைத்திருக்கிறீர்கள். நான் அவரிடமிருந்துதான் ஆரம்பிப்பேன். ஏழு சேனல், டவர், அட்மாஸ் என்று உங்களிடம் சொன்ன எதுவும் அவருடைய குறையைத் தீர்க்காது. அவர் குறை தீர்ந்தால் உங்கள் குறையும் பாதி தீர்ந்த மாதிரிதான்.

இப்போதைய மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கும். சத்தம் சுவரிலோ டிவி ஸ்டாண்டிலோ முட்டிவிட்டுத்தான் சோபாவுக்கு வருகிறது. அது ஒரு காரணம். இன்னொன்று, 5.1-இல், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப் வூஃபருக்கும் தனித்தனியாகக் கலந்த படத்தில் வசனத்தின் பெரும்பகுதி நடுச் சேனலில் தனியாக இருக்கும். டிவியில் இருப்பதோ இரண்டு ஸ்பீக்கர். அதனால் நடுச் சேனலையும் வெடிச்சத்தத்தையும் வயலினையும் ஒன்றாகக் கொட்டிக் கிளறி இரண்டு பக்கமும் பரிமாறிவிடுகிறது. அப்புறம் வால்யூமைக் கூட்டினால் வசனமும் கூடும், வெடியும் கூடும். ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்கும் அம்மாக்கள் எல்லா வீட்டிலும் இருப்பது இதனால்தான்.

ஆக, நீங்கள் வாங்கப்போகும் செட்டில் முக்கியமான பெட்டி டிவிக்குக் கீழே படுத்துக் கிடக்கும் சென்டர் ஸ்பீக்கர். கடையில் அதைத்தான் கடைசியாக, “இதுவும் ஒண்ணு வரும் சார்” என்று காட்டுவார்கள். முதலில் அதைக் கேளுங்கள். நல்ல சென்டர் எந்த சீரிஸில் இருக்கிறதோ, அதே சீரிஸில் இடது வலது ஸ்பீக்கர்களை எடுங்கள். மூன்றும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் இடமிருந்து வலம் ஓடும் ஆட்டோ நடுவில் வரும்போது வேறு ஆட்டோவாகிவிடும்.

என் யோசனையைச் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு மூன்று ஸ்பீக்கர், ஒரு சப் வூஃபர், ஒரு ரிசீவர், அதாவது 3.1. பின்னால் வைக்கும் சரவுண்ட் இரண்டும் அடுத்த போனஸில் வரட்டும். ஒன்றரை லட்சத்தை ஏழு பெட்டிக்குப் பங்கு போட்டால் ஏழும் சுமாராக இருக்கும். படம் பார்க்கும் நேரத்தில் பெரும்பகுதி காது முன்பக்கம்தான் இருக்கிறது. பின்னால் மழையும் காகமும் அவ்வப்போதுதான்.

சரி, இப்போது ஹால். ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். டைல்ஸ் தரை, பால்கனிக் கண்ணாடிக் கதவு, வெறும் சுவர் என்று இருந்தால் தட்டலுக்குப் பின்னால் “ட்ரிங்” என்று ஒரு வால் நீளும். அந்த வால்தான் ஒவ்வொரு சொல்லின் மீதும் படிந்து வசனத்தை மழுங்கடிக்கிறது. இரண்டு லட்ச ரூபாய் ஸ்பீக்கர் வைத்தாலும் அது போகாது. கண்ணாடிக் கதவுக்குக் கனமான திரை, சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் தடிமனான கார்ப்பெட், பக்கச் சுவரில் புத்தக அலமாரி. இவ்வளவுதான் வேண்டும். வீட்டில் பவானி ஜமக்காளம் இருந்தால் அதை விரித்துச் சமாளிக்கலாமா என்று பலர் கேட்பார்கள். மெல்லிய பருத்தி விரிப்பு கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், அதற்குக் கீழே எதையும் தொடாது. இரண்டாக மடித்துப் போட்டால் பரவாயில்லை.

அடித்தொனி வேறு கதை. அறையின் நீளத்துக்கும் அகலத்துக்கும் ஏற்ப சில அதிர்வெண்கள் சுவருக்குச் சுவர் மோதி ஒன்றின் மேல் ஒன்று ஏறி வீங்கும். கணக்கு எளிது: ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 1,130 அடி போகிறது, அதை அறை நீளத்தின் இரட்டிப்பால் வகுக்க வேண்டும். உங்கள் 15 அடிக்கு ஏறக்குறைய 38 ஹெர்ட்ஸ், 11 அடிக்கு 51. இந்த இரண்டு இடத்திலும் உங்கள் ஹால் தானாகவே கத்தும். அந்த வீக்கம் சுவரை ஒட்டித்தான் அதிகம். உங்கள் சோபா பின்சுவரோடு ஒட்டியிருக்கும், சொல்லாமலே எனக்குத் தெரியும், பெங்களூரில் பாதி ஃபிளாட் அப்படித்தான். ஒன்றரை அடி, முடிந்தால் இரண்டு அடி முன்னால் இழுங்கள். செலவே இல்லாத மேம்பாடு இது.

இதே காரணத்துக்காகத்தான் டவர் வேண்டாம் என்கிறேன். 11 அடிச் சுவரில் நடுவே டிவி யூனிட் போனால், டவர் இரண்டும் மூலையில்தான் போய் நிற்கும். மூலை அடித்தொனியைத் தூக்கிக் கொடுக்கும், வீக்கத்தின் மேல் இன்னொரு வீக்கம். அதுவும் எதற்கு? ரிசீவரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எல்லாம் சப்புக்கு அனுப்பிவிடப் போகிறோம். டவரின் பெரிய பெட்டிக்கும் கூடுதல் வூஃபருக்கும் (கனத்த ஒலி தரும் பெரிய வட்டம்) கொடுத்த காசு அங்கே சும்மா நிற்கும். ஐந்தேகால் அல்லது ஆறரை இஞ்ச் வூஃபர் உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் உங்கள் ஹாலுக்குத் தாராளம். பெயரைப் பார்த்துவிட்டு அலமாரிக்குள் திணித்துவிடாதீர்கள். ஸ்டாண்டில் வைத்து, ட்வீட்டர் (கீச்சு ஒலி தரும் சின்ன வட்டம்) உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில் வரும்படி நிறுத்த வேண்டும். ட்வீட்டர் முன்னால் கூம்பு மாதிரி ஹார்ன் வைத்த ஸ்பீக்கர்கள் கடையில் பளிச்சென்று கேட்கும், ஆளை இழுக்கும். திரையும் கார்ப்பெட்டும் போடாத டைல்ஸ் ஹாலில் அந்தப் பளிச்சு ஒரு மணி நேரத்தில் தலைவலியாகிவிடும் என்பது என் அனுபவம்.

வாட் கணக்குக்கு வருவோம். தொண்ணூறுகளில் நான் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பழகிய காலத்தில், பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டிலிருந்து வரும் அசெம்பிள் செட்டுகளில் “1000 வாட் பி.எம்.பி.ஓ.” என்று தங்க நிற ஸ்டிக்கர் இருக்கும். திறந்தால் உள்ளே தேங்காய் மூடி அளவுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அது அறுபது வாட் கொடுத்தாலே பெரிய விஷயம். உச்சகட்ட வாட் என்று சொல்லிக்கொள்ளும் இந்த பி.எம்.பி.ஓ.வுக்கு எந்த அளவுகோலும் கிடையாது, ஒட்டுபவர் மனசுதான் அளவு. ஸ்டிக்கர் இப்போது போய்விட்டது, ஆனால் அந்த மனசு போகவில்லை. ரிசீவர் அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண், ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 6 ஓம்ஸில் (ஓம்ஸ் என்பது ஸ்பீக்கரின் மின்தடை), 1 கிலோஹெர்ட்ஸ் ஒரே சுருதியில், 10 சதவீதம் உடைசலை அனுமதித்து அளந்ததாக இருக்கும். நீங்கள் தேட வேண்டியது 8 ஓம்ஸ், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், இரண்டு சேனல் சேர்ந்து ஓடும்போது என்ற வரியை. ஒரே மெஷினுக்கு முதல் கணக்கில் 140ம் இரண்டாவது கணக்கில் 80ம் வருவது சாதாரணம். இரண்டு கம்பெனியை ஒப்பிடும்போது ஒரே கணக்கில் ஒப்பிடுங்கள்.

அந்த 80 போதுமா? உங்கள் சோபா டிவியிலிருந்து சுமார் பத்தடி, அதாவது மூன்று மீட்டர். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 87 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் கேட்கும் என்று அர்த்தம். மூன்று மீட்டரில் வெட்டவெளியில் ஒன்பதரை டெசிபல் குறையும். மூடிய ஹாலில் அந்த அளவுக்குக்கூடக் குறையாது. அதாவது ஒரே ஒரு வாட்டிலேயே சோபாவில் 77 டெசிபல் வந்துவிடுகிறது. சாதாரணப் பேச்சு 60 பக்கம்தான். படத்தில் பெரிய வெடி 90-ஐத் தொட வேண்டும் என்றால் 18 வாட் போதும். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட் இரட்டிப்பாகும். 80 வாட் ரிசீவருக்கும் 100 வாட் ரிசீவருக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு டெசிபல். அந்த ஒரு டெசிபலுக்குப் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிட 90 டெசிபல் ஸ்பீக்கராக எடுத்தால் தேவையான வாட் பாதியாகிவிடும். 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம், இந்த விலை ரிசீவருக்கு அது சுமை. 6 அல்லது 8 ஓம்ஸில் எடுங்கள்.

ரிசீவரில் வாட்டைத் தாண்டி நான் பார்ப்பது இரண்டு. ஒன்று, மைக் வைத்து அறையை அளந்து சரிசெய்யும் வசதி. டெனான், மராண்ட்ஸில் ஆடிஸி வரும், யமஹாவில் வைபாவோ, ஆன்கியோவின் சில மாடல்களில் டிராக் லைவ். இதில் விலை குறைந்த மாடலுக்கும் அடுத்த மாடலுக்கும் வித்தியாசம் உண்டு, அந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுக்கலாம், வாட்டுக்குக் கொடுப்பதைவிட உருப்படியானது. இன்னொன்று எச்டிஎம்ஐ. டிவியின் பின்னால் ஆர்க் அல்லது இ-ஆர்க் என்று எழுதிய, டிவி ஒலியை ரிசீவருக்கு அனுப்பும் போர்ட் ஒன்று இருக்கும், ரிசீவரை அதில்தான் செருக வேண்டும். இ-ஆர்க் இல்லாத டிவி என்றால் அட்மாஸ் வராது என்று ஒரு பேச்சு ஓடுகிறது. ஓடிடி ஆப்களில் வரும் அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவத்தில்தான் வருகிறது, சாதாரண ஆர்க்கிலேயே அது போகும். டிவி அதை மாற்றாமல் அனுப்பினால் சரி. புளூரேயில் வரும் தரம் இழக்காத (லாஸ்லெஸ்) அட்மாஸுக்குத்தான் இ-ஆர்க் வேண்டும். அதற்கும் பிளேயரை நேராக ரிசீவரில் செருகினால் தேவையில்லை. கேம் கன்சோல் இருந்தால் மட்டும் ரிசீவர் 4கே 120 ஹெர்ட்ஸ் படத்தைக் கடத்துகிறதா என்று பாருங்கள்.

நண்பர் சொன்ன அட்மாஸை நான் மறுக்கவில்லை. சரியாக வைத்தால் மழை தலைக்கு மேல்தான் பெய்யும். ஆனால் உச்சி ஸ்பீக்கருக்குக் கான்கிரீட்டில் துளை போட வேண்டும், அல்லது மேலே பார்த்துச் சத்தத்தை எறிந்து கூரையில் பட்டுத் திரும்ப வைக்கும் வகையை வாங்க வேண்டும். அந்த இரண்டாவது வகைக்குத் தட்டையான கூரை வேண்டும். நம் ஃபிளாட்டுகளில் பிஓபி பூவேலைப்பாடு, உள்ளே எல்இடி பள்ளம், நடுவில் ஃபேன். எறிந்த சத்தம் எங்கே போகும் என்று அந்தக் கொத்தனாருக்கே தெரியாது. உங்களுடையது சொந்த வீடு என்பதால் ஒன்று செய்யலாம்: ஃபால்ஸ் சீலிங் வேலை எப்போதாவது செய்வதாக இருந்தால், மூடுவதற்கு முன் இரண்டு ஸ்பீக்கர் ஒயரை உள்ளே இழுத்துப் போட்டுவிடுங்கள். 5.1.2 (கடைசி 2 உச்சி ஸ்பீக்கர்கள்) ஓட்ட ரிசீவரில் ஏழு சேனல் வேண்டும். அதனால் 7.2 ரிசீவருக்கும் 5.2 ரிசீவருக்கும் விலை வித்தியாசம் ஏழெட்டாயிரத்துக்குள் என்றால் 7.2 எடுங்கள், கடைக்காரர் சொன்னதில் அது மட்டும் சரி. அதற்கு மேல் போனால் விட்டுவிடுங்கள். ரிசீவர் ஆறேழு வருடத்தில் பழசாகும், எச்டிஎம்ஐ மாறிக்கொண்டே இருக்கும். நல்ல ஸ்பீக்கர் இருபது வருடம் ஓடும். வூஃபரின் ஓரத்து வளையம் ஃபோமாக இல்லாமல் ரப்பராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், ஃபோம் நாளடைவில் பொடிந்து போகும்.

பங்கு இப்படிப் போடுவேன்: முன்பக்கம் மூன்றுக்கும் அறுபதாயிரம், சப்புக்கு முப்பத்தைந்து, ரிசீவருக்கு நாற்பத்தைந்து, ஸ்டாண்ட், ஒயர், பிளக்குக்குப் பத்து.

சப்பில் பத்து இஞ்ச் போதும். பன்னிரண்டு வாங்கினால் அதை ஓட்ட வேண்டும் என்று கை துறுதுறுக்கும், கீழ்வீட்டில் ஆள் இருக்கிறார். இருபது வருடத்துக்கு முன் நான் முதல் சப் வாங்கி அல்சூர் வீட்டில் வைத்த ராத்திரி, கீழ்வீட்டு அம்மா மேலே வந்து, “ஸ்வல்ப கம்மி மாடி” என்றார், கன்னடத்தில் ‘கொஞ்சம் குறையுங்கள்’ என்று அர்த்தம். என் மாமியார் புதிதாக ஊரிலிருந்து வந்தவர், “மாடியிலதானே இருக்கோம், கம்மி மாடின்னா என்ன?” என்று கேட்டார். அந்த அம்மா வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தட்டெல்லாம் பாட்டோடு சேர்ந்து தாளம் போட்டிருக்கிறது. அடித்தொனி கான்கிரீட் வழியாக இறங்கும், திரையும் கார்ப்பெட்டும் அதைத் தடுக்காது. சப்புக்கு அடியில் தடிமனான ஃபோம் பேட் வைத்தால் கொஞ்சம் குறையும். அதைவிட நல்லது, சப்பை சோபாவுக்குப் பக்கத்திலேயே வைத்துக் குறைந்த சத்தத்தில் ஓட்டுவது. ராத்திரி பத்துக்கு மேல் ரிசீவரில் நைட் மோடு போட்டுவிடுங்கள். வெடியை அமுக்கி வசனத்தை ஏற்றிக் கொடுக்கும்.

சோபா பக்கத்தில் சரிவராவிட்டால், சப்புக்கு வேறு இடம் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. சப்பைச் சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்திலேயே தூக்கி வைத்து, மிருதங்கம் நன்றாகக் கேட்கும் ஒரு கச்சேரிப் பதிவைப் போடுங்கள். பிறகு சுவர் ஓரமாகத் தவழ்ந்து போங்கள், ஆமாம், குழந்தை மாதிரி. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து (கனத்த ஒலி தரும் பக்கம்) அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக எங்கே விழுகிறதோ அங்கே சப்பை வைக்க வேண்டும். எங்கே “தும்ம்ம்” என்று குழைந்து ஒன்றோடொன்று ஒட்டுகிறதோ அந்த இடம் ஆகாது. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் செய்யுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்களுக்குப் பழகிய பதிவுகளைப் போனில் கொண்டு போங்கள். அவர்கள் போடும் டெமோவில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் கேட்கும். செய்தி வாசிப்பவர் குரலை சென்டரில் போட்டுப் பாருங்கள். மூக்கால் பேசுகிற மாதிரியோ டப்பாவுக்குள் இருந்து பேசுகிற மாதிரியோ இருந்தால் வேண்டாம். சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்தும் கேளுங்கள், அம்மா அங்கேதான் உட்காருவார். சில சென்டர்கள் நேர் எதிரே இருக்கும்போது மட்டும் தெளிவாகப் பேசும். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவா என்று கவனியுங்கள். கொஞ்சம் கூடுதலாக வைத்தது எப்போதும் “நல்லா இருக்கே” என்று தோன்றும். விற்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து நண்பர் கொண்டுவரும் ரிசீவர் மலிவு என்று யாராவது சொன்னால், பின்னால் என்ன வோல்ட் என்று பாருங்கள். அமெரிக்க மாடல் 120 வோல்ட். தெரிந்த ஒருவர் அதை நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினார். வீட்டில் இருந்த நாய்தான் முதலில் ஓடியது.

ஒயருக்கு எஸ்.பி. ரோடே போதும். கே.ஆர். புரத்திலிருந்து ஊதா லைனில் மெஜஸ்டிக், அங்கே பச்சை லைன் மாறிச் சிக்பேட்டையில் இறங்கினால் நடக்கிற தூரம். வண்டியில் போகாதீர்கள், நிறுத்த இடம் தேடியே மதியமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். 1.5 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு ஒயர், முன்பக்கத்துக்கு அது தாராளம். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது மலிவாகக் கிடைக்கும். முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரிசீவரை மூடிய டிவி யூனிட்டுக்குள் வைக்கக் கூடாது, மேலே ஒரு சாண் இடைவெளி வேண்டும். சென்டர் ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்புவரை முன்னால் இழுத்து, முன்பக்கத்துக்கு அடியில் ஒரு ரப்பர் கதவுத் தடுப்பைக் கொடுத்துக் காது பார்க்கும்படி சாய்த்துவிடுங்கள்.

பிறகு மைக் அளவெடுப்பு. மைக்கைச் சோபா முதுகில் வைக்காமல், ஒரு கேமரா டிரைபாடில் காது உயரத்தில் நிறுத்துங்கள். ஃபேனை நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜ் ஹாலில் இருந்தால் அதையும். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் வரும் நேரம் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். நான் ஒரு தடவை மூன்றாவது விசிலில் திரும்ப முதலிலிருந்து எடுத்தேன். முடிந்ததும் செட்டிங்ஸில் போய் மூன்று ஸ்பீக்கரும் “ஸ்மால்” என்று இருக்கிறதா, கிராஸ்ஓவர் (எதற்குக் கீழே சப்புக்கு அனுப்புவது என்ற எல்லை) 80-இல் இருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் ரிசீவர் தானாக “லார்ஜ்” என்று போட்டு சப்புக்குப் போக வேண்டிய வேலையைக் குறைத்துவிடும்.

கடைசியாக அம்மாவை அவர் இடத்தில் உட்கார வைத்து, அவருக்குப் புரியாமல் போன அதே படத்தைப் போடுங்கள். சென்டர் லெவலை அரை அரை டெசிபலாக ஏற்றுங்கள். பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்றுக்குள் அவரே போதும் என்பார். அடுத்த தடவை மைக் வைத்து அளந்தால் இந்த மாற்றம் அழிந்துவிடும், அதனால் அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி ரிமோட்டின் முதுகில் ஒட்டிவிடுங்கள்.